பெருக்கினால் குறையுமோ?



விழா மேடையில் பின்னக் கணக்கா என்று எண்ணாதீர்கள். 12ஐ முக்காலால் பெருக்கி 9 என்று சரியாக விடை கண்ட என் பேத்தி, அதைத் தானே அடித்துவிட்டாள். "பெருக்கினால் கூடத்தானே வேண்டும், தாத்தா?" என்பது அவள் வழக்கு. மேலெண்ணால் பெருக்கிக் கீழெண்ணால் வகுக்கும் விதியை அவள் அறிவாள், பொருளை அறியாள். பள்ளியில் 'த்ரீ பை ஃபோர்' என்று கேட்கும்பொழுது அவளுக்கு அது இரண்டு எண்களாகவே படுகிறது. நம் வீட்டுச் சொல்லோ மூன்று கால் என்று தானே உரைத்துவிடுகிறது.

12 புளியங்கொட்டைகளை நான்கு கூறாக்கச் சொன்னேன், கூறுக்கு மூன்று. மூன்று கூறுகளை எடுத்தாள், 9. பின்னர் முக்கால் கிண்ணமாகப் பன்னிரு முறை அரிசி அளந்து கொட்டி, அதை முழுக் கிண்ணமாக மீண்டும் அளந்தோம். சிந்தியது போக, 9 கிண்ணமே வந்தது.

அந்நாள் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு பின்ன வாய்பாடுகளை ஒப்புவித்தனர். வடநாட்டுப் பாட்டன்மாரும் பௌனா, சவாயா என்று முக்காலையும் ஒன்றேகாலையும் பாடம் செய்தவர்களே. 1957இல் ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு வந்தபின் அவற்றுக்கு வேலை குறைந்தது. மனப்பாடம் மீளவேண்டுமென யான் வாதாடவில்லை, சொற்களேனும் பிழைக்கட்டும்.

"கூடிற்றா, குறைந்ததா?" என்று அவளைக் கேட்டேன்.

"12இலிருந்து பார்த்தால் குறைவு, முக்காலிலிருந்து பார்த்தால் கூடுதல்" என்று கூறி, அடித்த விடையை மீண்டும் எழுதினாள்.