உட்ஸ் ஹோல் மாநாடும் நம் வகுப்பறையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். மாலை வகுப்பிற்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அது வீடு திரும்பும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க நான் யார்? ஆகவே, அதை விடுத்து ஒரு மாநாட்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 1959ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உட்ஸ் ஹோல் என்னும் கடலோரச் சிற்றூரில் பத்து நாட்கள் நடைபெற்ற மாநாடு அது. பி.எட். படித்த காலத்தில் நான் இதை மூன்று மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்ததும் மறந்தும் போனேன். அது என்னைப் பற்றிய மாநாடு என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

அது கூடிய காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. நம் பள்ளிகளில் இயற்பியலையும் கணிதத்தையும் சரியாகக் கற்பிக்கிறோமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. மறு ஆண்டே கல்விக்குப் பெரும்பொருள் ஒதுக்கி ஒரு சட்டம் இயற்றினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்பதாகும். பாதுகாப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கேட்டால் திறக்காத கருவூலம், பகைவன் முந்திவிட்டான் என்றதும் திறந்துவிட்டது. உட்ஸ் ஹோல் மாநாட்டைக் கூட்டியது தேசிய அறிவியல் கழகம். அதற்குத் துணை நின்றவற்றுள் விமானப் படையும் ஒன்று.

ஹார்வர்டு பல்கலைக் கழக உளவியல் பேராசிரியர் ஜெரோம் புரூனர் தலைமை தாங்கினார். 1915இல் பார்வையின்றிப் பிறந்து, இரண்டாம் வயதில் அறுவைச் சிகிச்சையால் கண் பெற்றவர் அவர். 2016இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார். மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து பேர். அவர்கள் யார் யார் என்பதே இதில் சிறப்பு. எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஜெரால்டு சக்கரியாஸ் போன்ற இயற்பியலார், எட்வர்டு பெகிள் போன்ற கணிதவியலார், பென்ட்லி கிளாஸ் போன்ற உயிரியலார் வந்தார்கள். உளவியலார் ஏறத்தாழப் பத்துப் பேர். அவர்களுள் ஜெனீவாவிலிருந்து கடல் கடந்து வந்தவர், பியாஜேயின் உடன் ஆய்வாளரான பெர்பெல் இன்ஹெல்டர் அம்மையார். மருத்துவத் துறைக்கு ஒருவர். கிரேக்க, இலத்தீன் இலக்கியத்திற்கு ஒருவர். திரைப்படக் கலைக்கு இருவர். வரலாற்றுக்கும் இருவர் இருந்தனர் என்பதை, வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

இத்தகையவர்கள் வழக்கமாக ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பல்கலைக் கழகத்திலும் துறைக்குத் துறை மதில் உண்டு. அம்மதிலைத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. 1916 மே 9ஆம் நாள், கொலம்பியா பல்கலைக் கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை ஒரு மாணவர் படித்தார். அவர் அங்கே முதன்மையாகப் பொருளாதாரம் படிக்கச் சென்றவர். அவர் நம் அண்ணல் அம்பேத்கர். ஒரு துறைக்குள்ளேயே நின்றிருந்தால் அந்த ஆய்வு பிறந்திருக்காது.

உட்ஸ் ஹோலில் ஐந்து குழுக்களாகப் பிரிந்து விவாதித்தார்கள். பாடங்களை எந்த வரிசையில் அமைப்பது, கற்பிக்கும் கருவிகள் எவை, கற்கும் ஆர்வம் எவ்வாறு பிறக்கிறது, உள்ளுணர்வின் பங்கு என்ன, அறிதல் என்பது மனத்தில் எவ்வாறு நிகழ்கிறது என்பன அக்குழுக்களின் பொருள்கள். கருவிகளைப் பற்றிய வாதம் இன்றைய திறன் வகுப்பறைத் திரை வரையில் ஓய்ந்தபாடில்லை, அதை விட்டுவிடுகிறேன். உள்ளுணர்வைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். ஊகித்து விடை சொல்லும் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பது அவர்கள் கருத்து. நம் பிள்ளைகள் ஊகிப்பதே இல்லை. விடை தவறினால் சிரிப்பவர்கள் விடையைப் பார்த்துச் சிரிக்காமல் வேறொன்றைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. ஆதலால் விடை தெரிந்தாலும் வாய் திறவாமல் இருப்பார்கள்.

மாநாட்டின் முடிவுகளைத் தொகுத்துப் புரூனர் 1960இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூறு பக்கத்திற்கும் குறைவான நூல். ஒரு பாடத்தின் அடிப்படைக் கருத்துகள் சில உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வந்து சேரும் என்பது அதன் ஒரு கருத்து. இன்னொரு கருத்து துணிச்சலானது. ‘இது இந்த வயதிற்கு ஆகாது’ என்று எந்த அறிவையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை. பொய் கலவாமல், பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற உருவில் அதைத் தொடங்கிவிடலாம். பின்னர் வகுப்புதோறும் அதே கருத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆழப்படுத்தலாம் என்பது அது. இதையே சுருள்முறைப் பாடத்திட்டம் என்கிறோம். இன்ஹெல்டர் அம்மையார் தம் பங்கிற்கு, பள்ளியின் முதல் இரண்டாண்டுகளைப் பொருள்களைக் கையால் எடுத்து, வகைப்படுத்தி, வரிசைப்படுத்திப் பழகுவதற்கே ஒதுக்கலாம் என்று எழுதித் தந்தார். பருவத்திற்கு முந்திப் பாடம் ஏறாது என்று சாதிப்பார் எனப் பலரும் எண்ணிய ஜெனீவாப் பள்ளியிலிருந்து வந்த யோசனை இது.

இது நிலைநாட்டப்பட்ட உண்மையன்று, ஒரு கருதுகோளே. புரூனரும் அப்படியே சொன்னார். ஆயினும் அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏழாம் வகுப்பில் விகிதக் கணக்கு நடந்தபோது, என் ஆசிரியர் ஒருவர் என் பலகையைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். அதே ஆண்டு அறுவடைக் களத்தில் என் தாயார் கூலி நெல் வாங்கும்போது அருகில் நின்று கணக்குப் பார்த்தவன் நான். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இத்தனை மரக்காலுக்கு இத்தனை படி கூலி என்று விரல் மடக்கிச் சொல்வேன். அளப்பவர் ஒரு படி குறைத்தால் என் தாயாரின் கையை அழுத்துவேன். விகிதம் எனக்குள் ஏறித்தான் இருந்தது. களத்திலிருந்து கரும்பலகைக்கு அதைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. நான் பி.ஏ. வரலாறு எடுத்தது வரலாற்றின்மேல் கொண்ட காதலால் என்று பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். கணக்கில்லாத பாடமாகத் தேடினேன் என்பதே உண்மை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனான சில ஆண்டுகளில், நம் தெருவைச் சேர்ந்த ஒரு மாணவனிடம், ‘உனக்கு இங்கிலீஷ் வராதடா, அப்பாவோடு வேலைக்குப் போ’ என்று சொன்னேன். நானே சொன்னேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தான். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபின், ‘சார், அந்த வார்த்தையை மட்டும் இவகிட்ட சொல்லிடாதீங்க’ என்றான்.

புரூனரின் நூலில் ஒரு வகுப்பறைச் சோதனை வருகிறது. ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் அமெரிக்காவின் வடநடுப் பகுதியின் வரைபடம் ஒன்றைத் தந்தார்கள். அதில் ஆறு, ஏரி, மலை, இயற்கை வளங்கள் எல்லாம் உண்டு. ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. பெருநகரங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். நீர்வழிகள் கூடும் ஏரிமுனையில் என்றனர் சிலர். இரும்புக் கனி உள்ள இடத்தில் என்றனர் சிலர். அயோவாவின் வளமான மண்ணில் என்றனர் வேறு சிலர். ஒவ்வொருவரும் காரணம் காட்டி வாதாடினார்கள். புவியியல் அங்கே மனப்பாடத்திலிருந்து சிந்தனைக்கு மாறிற்று.

நானும் இதைச் செய்து பார்த்தேன். தமிழ்நாட்டு வரைபடத்தை ஊர்ப்பெயரின்றி வரைந்து, ஆறுகளையும் மலைகளையும் கடற்கரையையும் குறித்து, எட்டாம் வகுப்பில் தொங்கவிட்டேன். காவிரி பிரியும் இடத்தில் ஒருவன் நகரம் வைத்தான். மேற்கு மலைத் தொடரில் இடைவெளி விட்டிருக்கிறதே, அதன் வாயிலில் சந்தை கூடும் என்று ஒருத்தி சுட்டிக் காட்டினாள். பாலக்காட்டுக் கணவாயையும் கோயம்புத்தூரையும் பெயர் தெரியாமலே கண்டுபிடித்துவிட்டாள்! நான் மகிழ்ந்து நிற்கும்போது, கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, ‘சார், ஊரை வைத்தாயிற்று. நம்ம தெருவை எங்கே வைப்பது?’ என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் சுண்ணக்கட்டியை அவளிடமே கொடுத்தேன். அவள் ஆற்றங்கரை ஊருக்குக் கீழே, வெள்ளம் முதலில் வந்து சேரும் தாழ்நிலத்தில் ஒரு சிறு வட்டம் போட்டாள். அந்த வட்டத்தை விளக்க மண்ணியல் வேண்டும், நீரோட்டம் வேண்டும், நிலவுடைமையின் வரலாறு வேண்டும், பொருளாதாரம் வேண்டும். பல துறை அறிஞர்கள் பத்து நாள் கூடிப் பேசியதில் இந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்த பள்ளி ஆசிரியர்களோ மிகச் சிலர். அவர்களிலும் ஆண்டோவர், எக்சிட்டர் போன்ற செல்வர் வீட்டுப் பள்ளிகளைச் சேர்ந்தோர் இருந்தனர். கேள்வி எங்கிருந்து வரும்?

புரூனருக்கு வறுமை தெரியாமல் இல்லை. 1947இலேயே அவரும் இன்னொருவரும் பாஸ்டன் நகரத்துப் பத்து வயதுப் பிள்ளைகளைக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். நாணயங்களின் அளவை ஒளிவட்டம் ஒன்றால் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் நாணயத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டினார்கள். ஏழைப் பிள்ளைகள் இன்னும் பெரிதாகக் காட்டினார்கள். பின்னாளில் பிறர் செய்த சோதனைகளில் முடிவு ஒன்றுபோல் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், இல்லாமை கண்ணின் பார்வையையே மாற்றக்கூடும் என்று எண்ணிப் பார்த்த மனிதர், 1959இல் அதை மறந்து போனார்.

அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டுகிறது. 1971இல் தம் நூலை மறுபார்வை செய்து ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் அனைவரும் கற்பதற்கு ஆயத்தமாக, வசதியுள்ள இல்லங்களிலிருந்து வருவதாக நாங்கள் எண்ணிவிட்டோம். வறுமையும் இனவெறியும் பள்ளிக்குள் என்ன செய்கின்றன என்று பார்க்கத் தவறினோம் என்னும் கருத்தை அதில் சொன்னார். இதற்கிடையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக, உயிரியல், மானிடவியல், உளவியல் மூன்றையும் இணைத்து, ‘மனிதன்: ஒரு பாடத்திட்டம்’ என்பதையும் அவரும் அவர் குழுவினரும் உருவாக்கியிருந்தார்கள். சால்மன் மீனில் தொடங்கி, பபூன் குரங்கு வழியாக, கனடாவின் பனிநிலத்து நெட்சிலிக் மக்களிடம் வந்து சேரும் பாடம் அது. பிற மக்களின் வழக்கங்களைப் பார்த்த பிள்ளை தன் வீட்டு வழக்கத்தையும் கேள்வி கேட்கும் என்று அஞ்சியவர்கள் 1975இல் நாடாளுமன்றத்திலேயே அதை எதிர்த்தார்கள். அரசின் பொருளுதவி நின்றது. அந்த அச்சம் எந்த நாட்டில்தான் இல்லை?

1971ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஓரிடத்தில் மட்டும் நான் புரூனரோடு மாறுபடுகிறேன். இயற்பியலின் அமைப்பு, வரலாற்றின் அமைப்பு என்பவற்றைச் சிறிது காலம் பின்னுக்குத் தள்ளி, சமுதாயம் எதிர்நோக்கும் சிக்கல்களை முன்வைத்துக் கற்பிக்கலாம் என்ற போக்கில் அவர் எழுதினார். நல்லெண்ணத்தில் எழுதினார். ஆனால், ‘உங்களுக்கு உங்கள் சிக்கலைப் பற்றிய பாடம் போதும்’ என்று யாரேனும் நம் பிள்ளைகளிடம் சொன்னால், நான் ஒப்பமாட்டேன். இயற்பியல் மறுபடியும் மற்றவர்களுக்குப் போய்விடும். வரைபடத்தில் வட்டமிட்ட அந்தப் பெண்ணுக்கு வட்டத்தின் காரணமும் வேண்டும். வெள்ளம் எந்த வேகத்தில் வரும் என்று கணக்கிடும் சமன்பாடும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

சங்கத்தின் மாலை வகுப்பில் இப்போது கணிதத்திற்கு ஒருவர், ஆங்கிலத்திற்கு ஒருவர் எனத் தனித்தனியே பாடம் எடுக்கிறார்கள். ஒருவர் நடத்துவதை மற்றவர் அறியார். திங்களுக்கு ஒருமுறையேனும் அவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரே பொருளைக் கற்பித்துப் பார்க்க வேண்டும் என்று செயலாளர் அவர்களிடம் கேட்டிருக்கிறேன், அவரும் இசைந்திருக்கிறார். பட்டம் பெற்ற இளைஞர்கள் நால்வர் பெயர் கொடுத்தால் போதும். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அந்தப் பெயரில்லாத வரைபடத்தோடு வருகிறேன். மரக்காலும் படியும் எவர் வீட்டிலேனும் இன்னும் இருந்தால், தயவுசெய்து எடுத்து வாருங்கள்; என் வீட்டில் இருந்ததை விற்றுவிட்டோம்.