சோழவரம் ஓடுதளமும் சிசி கணக்கும்
(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்று செயலாளர் உத்தரவு. ஆகவே ஒரே ஒரு எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வண்டிப் பெயருக்குப் பின்னால் வருமே, சிசி, அதைப் பற்றி.

சோழவரம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். எங்கள் தலைமுறைக்கு ரேஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் வண்டிகளைப் பிரித்து நிறுத்தியது சிசியை வைத்துத்தான். யார் யாரோடு மோதலாம் என்று முடிவு செய்ததே அந்த எண்தான்.

சரி, எதை அளக்கிறோம்? பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்குப் போகும்போது கூட்டித் தள்ளுகிற இடத்தை. சிலிண்டர் முழுவதையும் அல்ல. உச்சிக்குப் போன பிறகும் தலைப்பகுதியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அது கம்ப்ரெஷன் விகிதத்துக்குத்தான் வேண்டும், சிசியில் சேராது. வைவாவில் இதை மாற்றிச் சொல்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு! பழைய புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்க. போர் 7 செ.மீ., ஸ்ட்ரோக் 9 செ.மீ. ஏழை ஏழால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு; அதை ஒன்பதால் பெருக்கினால் 346. திருவொற்றியூரில் செய்த வண்டிக்கு '350' என்று பெயர் வைத்தது இந்த 346-க்குத்தான்.

போர் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, கவனிச்சீங்களா? அதனால்தான் ரீபோர் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு போரும் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 98.2 சிசி. தேய்ந்துபோச்சு என்று லேத் பட்டறையில் கொடுத்து கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 99.2. அரை மில்லிமீட்டர் போட்டால் 100.15! ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 100 சிசிதான் உச்ச வரம்பு என்று இருக்கிற பந்தயத்தில், ஓவர்சைஸுக்கு விதியில் தனிச் சலுகை இல்லாவிட்டால், ஜெயித்தவன் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஹெட்டைக் கழற்றி வெர்னியரை வைத்தால் வண்டி மறைக்க முடியாது.

இனி முக்கியமான இடம். சிசி கூடினால் பவர் கூடும் என்பார்கள். 1983-இல் வந்த ராஜ்தூத் 350-ஐப் பாருங்க. இரண்டு சிலிண்டர், 64 போர், 54 ஸ்ட்ரோக், மொத்தம் 347 சிசி. புல்லட்டுக்கும் அதற்கும் ஒரே ஒரு சிசிதான் வித்தியாசம். பவர்? புல்லட் 18 குதிரைத்திறன், ராஜ்தூத்தின் ஹை டார்க் மாடல் 30.5.

கிணற்றில் கவலை இறைத்தவர்களுக்கு இது புரியும். சால் எவ்வளவு பெரிசு என்பது பாதிக் கணக்கு. நிமிஷத்துக்கு எத்தனை சால் என்பது மீதி. புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இறைக்கும். 5625 ஆர்பிஎம்மில் கணக்குப்படி நிமிஷத்துக்குச் சுமார் 970 லிட்டர். ராஜ்தூத் டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் இறைக்கும். 6750 ஆர்பிஎம்மில் சுமார் 2340 லிட்டர். அப்படியானால் பவர் இரண்டரை மடங்கு ஏன் வரவில்லை, வெறும் 1.7 மடங்குதானே என்று கேட்கணும். (கேட்காத மாணவனை நம்பி என் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.) டூ ஸ்ட்ரோக்கில் புதிதாக வந்த கலவையில் ஒரு பகுதி எரிவதற்கு முன்பே புகையோடு வெளியே ஓடிவிடும். ஓட்டைச் சால். அந்த ஓட்டைதான் மைலேஜையும் தின்றது, புகை விதிகள் வந்ததும் அந்த வண்டிகளையும் தின்றது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீங்க. 16 வயதுப் பிள்ளைக்கு லைசென்ஸ் 50 சிசி வரைதான். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் சிசி வாரியாகத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிளுக்கு 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. இன்றைய கிளாசிக் 350-க்கு 72 போர், 85.8 ஸ்ட்ரோக், நீங்களே பெருக்கிப் பாருங்க, 349 வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிசி இடைவெளியில் நிற்கிறது!

கார்களுக்கு பெட்ரோலில் கோடு 1200 சிசி, நீளம் நாலு மீட்டருக்குள். இங்கேதான் டர்போ வருகிறது. 999 சிசி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்தால், பெரிய எஞ்சின் இறைக்கிற அளவை இந்தச் சின்னச் சால் இறைத்துவிடும். வரி அட்டவணைக்கு அது 999தான். ஆனால் சர்வதேச ராலி விதிகளில் டர்போ பெட்ரோல் எஞ்சினின் சிசியை 1.7-ஆல் பெருக்கித்தான் வகுப்பில் சேர்ப்பார்கள். அதே 999 அங்கே 1698 ஆகிவிடும். பந்தயக்காரர்கள் பிடித்த இந்த ஓட்டையை வரித்துறை இன்னும் பிடிக்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருக்கிற தம்பி தங்கைகள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.