பஸ் நிறுத்தம் வரை

(வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டி முகாமில், துபாயில் பணியாற்றித் திரும்பிய சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





விசா, மெடிக்கல், சம்பளம் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். நான் தங்கியிருந்த கேம்பிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள தூரம் அது. பதினொரு வருடம் நடந்திருக்கிறேன்.

எங்கள் கேம்ப் அல் கூஸ் பகுதியில். சுற்றிலும் குடோன்கள், ஒர்க்‌ஷாப்புகள், சிமெண்ட் லாரிகள். எனக்கு வேலை தேராவில் ஒரு ஜவுளிக் கடையில், பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 11 மணி வரை. இரவு திரும்புவதற்குக் கம்பெனி வண்டி உண்டு. போவதற்கு நம் பாடு. லுஹர் தொழுதுவிட்டு வெளியே இறங்கினால் சரியாக உச்சி வெயில்.

துபாய் என்றதும் நம் பிள்ளைகளுக்கு உயரமான கட்டிடமும் மெட்ரோ ரயிலும்தான் கண்ணில் வருகிறது. அதுவும் உண்மைதான். குளிர்சாதன வசதியுள்ள பஸ் நிறுத்தங்களும் அங்கே நிறைய உண்டு. ஆனால் எங்கள் நிறுத்தத்தில் ஒரு கம்பமும் ஒரு பலகையும்தான். அதுவரை நடைபாதையும் கிடையாது. சாலையோர மணலில் நடக்க வேண்டும். செருப்புக்குள் மணல் புகுந்து உள்ளங்காலைச் சுடும். லாரி ஒன்று கடந்தால் அந்தக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கடை வேலைக்குப் போகிறவன் அதே நேரத்தில் பஸ்ஸுக்கு நடந்தால், அது அந்தச் சட்டத்தில் வராது. அவனை அவன்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஆறு தடம், இடையில் இரும்பு வேலி. முறையாகக் கடக்க மேம்பாலம் இருந்தது. ஆனால் அதில் ஏறி இறங்கிச் சுற்றி வந்தால் இருபது நிமிடம் கூடுதல். வேலியில் ஒரிடத்தில் கம்பி வளைந்து இடைவெளி இருந்தது. கேம்பில் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். நானும் போனேன். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சரியான வழி என்றே மனதில் பதிந்துவிட்டது.

ஒரு வருடம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது. என்னைக் ‘காக்கா, காக்கா’ என்று சுற்றி வருவான். இரண்டு நாள் அவனை நான் கூட்டிப்போனேன், அந்த வேலி வழியாகவே. மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. அவன் தனியாகப் போனான்.

நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கமாகப் போகும். சாலையில் கால் வைக்கும்போது நாம் முதலில் வலது பக்கம் பார்ப்போம். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். அங்கே வண்டிகள் வலது பக்கமாகப் போகும். நாம் நிற்கும் ஓரத்துக்கு வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். அந்தப் பிள்ளை வலது பக்கம் பார்த்தான், ஒன்றும் வரவில்லை என்று இறங்கிவிட்டான்.

அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். ஆனால் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நான்கு மாதம் படுக்கை. கடக்கக் கூடாத இடத்தில் கடந்ததால் தவறில் ஒரு பங்கு அவன் மீதும் விழுந்தது, நஷ்டஈடும் குறைந்தது. ஊன்றுகோலோடு ஊர் திரும்பினான். விசாவுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது.

விடுமுறையில் வந்தபோது அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உம்மா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, “நீங்க கூட இருந்து வழியெல்லாம் காட்டுனீங்கன்னு சொன்னான் தம்பி” என்றார். நன்றியாகத்தான் சொன்னார். நான் அந்தத் தேநீரைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இடைவெளியை அவனுக்குக் காட்டியது நான். இடது பக்கம் பார் என்று சொல்லாமல் விட்டதும் நான்.

அதற்குப் பிறகு கேம்பில் இருந்த காலம் முழுவதும் மேம்பாலத்தில்தான் நடந்தேன். இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பினேன். அவ்வளவுதான் அதன் விலை.

தம்பிமார்களே, சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் இறங்கும் முன் முதலில் இடது பக்கம் பாருங்கள். கண்ட இடத்தில் கடந்தால் துபாயில் 400 திர்ஹம் அபராதம். அதைவிடப் பெரியது உங்கள் உயிர். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், நோல் கார்டில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள். கார்டில் பணமில்லாமல் திரும்பி ஓடுகிறவன்தான் அவசரத்தில் சாலையில் குதிக்கிறான். கையில் தண்ணீர், தலையில் துணி, காலில் மூடிய காலணி. கூட வருபவர் வெயிலில் உளற ஆரம்பித்தால், தடுமாறினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 998.

பத்தாவது முடிக்காமல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நம் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். அந்தப் பாலிசியின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இதழ் அங்கேயும் வருகிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் வாரம் முழுவதும் கூட நடந்து போங்கள். சுற்று வழியிலேயே கூட்டிப்போங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று ஓதிக்கொடுத்த சமுதாயம் நாம். தப்பான பாதையைக் காட்டாமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

அந்தப் பையன் இப்போது ஊரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றதும், “இடது பக்கத்தை மறக்காம சொல்லுங்க காக்கா” என்றான். சொல்லிவிட்டேன்.

உங்கள் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.