ஒரு லாரியும் நாற்பது நட்டும்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், ‘ஓய்வுக்குப் பின் ஒரு பொழுதுபோக்கு’ நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லிவிட்டார். 37 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நேரத்துக்கு கவுண்டரை மூடத் தெரியும். பயப்பட வேண்டாம்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. ‘பி பிளாக் பெயிண்ட் வாசனைக்காரர்’ என்றால் தெரியும். புகார்ப் புத்தகத்தில் இரண்டு முறை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. புகார் நியாயமானது. இப்போது மொட்டை மாடியில், சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறேன். அந்த வாசனைக்குக் காரணம் இதோ மேஜை மேல் நிற்கிற லாரி. குழந்தைகள் கிட்டே வந்து பார்க்கலாம். கை மட்டும் வைக்க வேண்டாம்.

இது 24-ல் ஒரு பங்கு அளவு. அதாவது நிஜ லாரியில் ஓர் அடி என்றால் இதில் அரை அங்குலம். 18 அடி பாடி 9 அங்குலம். 8 அடி அகலம் 4 அங்குலம். மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். ஆனால் கடையில் கிடைப்பதில் பாதி 25-ல் ஒரு பங்கு. ஒன்றுதானே வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். ஒரு மீட்டர் உயர டயர் இதில் கிட்டத்தட்ட 42 மில்லிமீட்டர், அதில் 40. அந்த டயர் இந்த ரிம்மில் ஏறவே ஏறாது. வங்கியில் ஒரு பைசா உதைத்தாலும் கணக்கு டாலி ஆகாது. இங்கே இரண்டு மில்லிமீட்டர்.

ஓய்வு பெற்ற வருடம் என் மகன் ஒரு கிட் வாங்கிக் கொடுத்தான். ரெவெல், இத்தாலேரி, ஏ.எம்.டி. என்று சில கம்பெனிகள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஸ்கேனியா, வால்வோ, பீட்டர்பில்ட், கென்வொர்த் எல்லாம் கிடைக்கும். நம் ஊர் லேலண்ட் கோமெட் நான் தேடியவரை எந்தப் பெட்டியிலும் இல்லை. சரி, இருப்பதை வைத்து நம் லாரியாக மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். முதல் சிக்கல் ஸ்டீயரிங். பெரும்பாலான கிட்களில் அது இடப்பக்கம். வலப்பக்கம் மாற்றுவது என்றால் பிடுங்கி இந்தப் பக்கம் ஒட்டுவது இல்லை. டாஷ்போர்டை அறுக்க வேண்டும், பெடல்களை மாற்ற வேண்டும், கீழே சேஸிஸில் ஸ்டீயரிங் பெட்டியையும் அதன் தண்டையும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். வைப்பர் படுத்திருக்கும் திசைகூட மாறும்.

அடுத்தது சின்னச் சின்ன பாகங்கள். பக்கக் கண்ணாடி, ஹாரன், கதவுக் கைப்பிடி, டீசல் டேங்க் மூடி இவைதான் ஒரு பொம்மையை லாரியாகக் காட்டுகிறவை. வெளிநாட்டில் இவற்றை ரெசினில் வார்த்தும், பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்தும், இப்போது 3டி பிரிண்டரில் அச்சிட்டும் விற்கிறார்கள். பலர் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து செய்யும் தனி ஆட்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்த பாகமும் அதோடு நின்றுபோகும். ஒருமுறை ஒரு ஜோடி ஹாரன் வரவழைத்தேன். ஹாரன் 700 ரூபாய், தபால் 2,100 ரூபாய். அதற்கு மேல் சுங்கம். ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்தது 25-ல் ஒரு பங்கு ஹாரன். ஸ்பிரே பெயிண்ட் டப்பாவை விமானத்தில் அனுப்பவே மாட்டார்கள், தீப்பிடிக்கும் சரக்கு.

வந்த பாகமும் கையில் நிற்காது. இடுக்கியிலிருந்து தெறித்துப் போனால் டைல்ஸ் தரையில் எங்கே போகிறது என்று தெரியாது. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா முறத்தை நீட்டி, “ஐயா, இது கொசுவா, உங்க சாமானா பாருங்க” என்றார். அது என் வைப்பர். அன்று முதல் எந்த லாரியைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளைப் போட ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். அதன் மேல் ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்று எழுதியிருக்கிறேன். வங்கிக்காரர்கள் சிரிப்பார்கள்.

“இவ்வளவு கஷ்டப்பட்டு அந்த லாரியைத்தான் செய்யணுமா? பெட்டியில் இருக்கிற ஸ்கேனியாவை ஒட்டி வைத்துவிட்டுப் போகலாமே” என்று என் மனைவி கேட்பார். அதற்கு இன்றுதான் எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன்.

1987. நாமக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் வேலை. அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தப் பக்கம் லாரி கட்டுவதே பெரிய தொழில். கம்பெனியிலிருந்து சேஸிஸும் முன்முகப்பும் மட்டும் வரும். கேபினையும் பாடியையும் பட்டறையில் ஆசாரியும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து கட்டுவார்கள். அதனால் ஒரு லாரியைப் போல இன்னொன்று இருக்காது. அதைப் பெட்டியில் போட்டு யாரும் விற்கவும் முடியாது.

எங்கள் கிளையில் லாரிக் கடன் வாங்கியவர் ஒருவர். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே, ஒரே ஒரு கோமெட். இன்ஜின் வேலை வந்தது, லோடு சரியாகக் கிடைக்கவில்லை, தவணை நின்றது. நோட்டீஸ் போனது. டைப் அடித்தது நான். எனக்கு அதில் அதிகாரம் ஒன்றும் கிடையாது, விரல் மட்டும் என்னுடையது. பிறகு வண்டியைக் கையகப்படுத்திக் கொண்டுவந்து கிளைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பக்கக் கண்ணாடி 2, பேட்டரி 2, ஹாரன் 2, ஸ்டெப்னி 1, ஜாக்கி 1, தார்ப்பாய் 1, கயிறு ஒரு கட்டு. மொத்தம் 31 இனம். அவர் பக்கத்தில் நின்று, “முருகன் படம் ஒண்ணு எழுதுங்க சார்” என்றார். “அதெல்லாம் வேண்டாம்” என்றார் மேனேஜர். எழுதவில்லை.

டெண்டர் விட்டார்கள். எதிர்பார்த்த விலைக்கு யாரும் கேட்கவில்லை. மறுபடி விட்டார்கள். வண்டி 14 மாதம் நின்றது. என் நாற்காலி ஜன்னல் ஓரம். எழுதிக்கொண்டே நிமிர்ந்தால் லாரி தெரியும். முதலில் இடப்பக்கக் கண்ணாடி போனது. ஒரு வாரம் கழித்து ஹாரன். பிறகு பேட்டரி, டீசல் டேங்க் மூடி. பின் சக்கரத்தில் 10 நட்டு இருந்த இடத்தில் 6 இருந்தது. யார் எடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் புத்தகத்தில் மட்டும் அது கடைசி வரை ‘லாரி 1’ என்றே இருந்தது.

அவர் சந்தை நாளில் வருவார். “சாருங்க, கண்ணாடிய மட்டும் தொடச்சுட்டுப் போயிடறேனுங்க” என்று கேட்டுவிட்டு, முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, “ஏனுங்க சார், பேட்டரி எங்கீங்க?” என்று கேட்டார். நான், “மேனேஜரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு லெட்ஜரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் வண்டி அடிமாட்டு விலைக்குப் போனது. கடனில் அந்தத் தொகையைக் கழித்தது போக மீதி அவர் பெயரிலேயே நின்றது. நண்பர்களே, கவனியுங்கள். எங்கள் காவலில் இருந்தபோது காணாமல் போன ஹாரனுக்கும் பேட்டரிக்கும் நட்டுக்கும் உரிய நஷ்டமும் அந்த மீதியில் சேர்ந்துதான் இருந்தது. நான் எழுதிய பட்டியல் அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்து, “சார், ஒருமுறை சரிபார்த்துவிடலாம்” என்று மேனேஜரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. அவரைப் பிறகு பார்க்கவில்லை.

அந்த லாரியைத்தான் செய்திருக்கிறேன். புகைப்படம் ஒன்றும் கிடையாது. அந்த 31 இனங்களும் வரிசை தவறாமல் மனதில் இருக்கின்றன. அதுதான் என் கிட்.

கடையில் கிடைக்காத பாகங்கள் இந்தக் குடியிருப்பிலேயே கிடைத்தன. அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன். பழைய லாரியின் வட்ட ஹெட்லைட் 7 அங்குலம். 24-ல் ஒரு பங்கு என்றால் ஏழரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எதைப் போடுவது என்று இரண்டு மாதம் அலைந்தேன். ஒருநாள் ராத்திரி பி.பி. மாத்திரையைப் பிதுக்கினேன். அந்தக் கண்ணாடிக் குமிழ் சரியாக அந்த அளவு! நம் பிளாக்கில் பி.பி. மாத்திரை இல்லாத வீடு எது? காலி அட்டைகள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன.

பாடிக்குப் பலகை வேண்டும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். 24-ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர், ஏறக்குறைய முக்கால் அங்குலப் பலகை. கார்டு பி.வி.சி. என்பதால் கிட்டோடு வரும் பசை பிடிக்காது, ஃபெவிக்விக்தான். தார்ப்பாய், டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போர்த்தியது. டீசல் குழாய், சி பிளாக் பல் டாக்டர் அம்மா முனை மழுக்கிக் கொடுத்த ஊசி. ஹாரன், டி பிளாக்கில் இன்ஜினியரிங் படிக்கும் பாப்பா கல்லூரியில் 3டி பிரிண்டரில் எடுத்துத் தந்தது. முதல் தடவை பெரிதாக வந்துவிட்டது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. பைசா வாங்க மாட்டேன் என்றுவிட்டது.

நட்டுதான் உயிரை எடுத்தது. வெளியே தெரியும் நான்கு சக்கரத்துக்கு 40 நட்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள், ஆறு முனையோடு இருக்க வேண்டும். கடைசியில் கை கொடுத்தது நான் ஆயுள் முழுக்கப் பிடித்த ஆறுமுனை பால்பாயிண்ட் பேனா. அதன் பிளாஸ்டிக் உடலை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி மெல்ல இழுத்தால் கம்பிபோல மெலியும், ஆறு முனையும் நடு ஓட்டையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைப் பிளேடால் சீவினால் நட்டு. 40-க்கு நான் சீவியது 200-க்கு மேல். குழந்தைகள் இதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது.

முன் கண்ணாடிக்கு மேலே பாருங்கள், அரிசி அளவில் ஒரு முருகன் படம் இருக்கும். பட்டியலில் எழுதாதது அது. கதவில், வண்டி வங்கிக்கு ஈடு என்ற வாசகத்தையும் எழுதியிருக்கிறேன். அது உண்மைதானே. வங்கியின் பெயரை மட்டும் எழுதவில்லை.

31 இனத்தில் 30 வந்துவிட்டது. ஜாக்கி மட்டும் பாக்கி. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பம்ப் அறை, ஜெனரேட்டர் அறை, கிளப் அறைப் பொருட்களுக்குப் பட்டியல் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு எடுத்தது, ஃபைலில் தூங்குகிறது. பட்டியல் எழுதினால் மட்டும் போதாது, அவ்வப்போது எடுத்துக்கொண்டு போய்ப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தில் ‘மோட்டார் 1’ என்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நஷ்டம் யார் தலையிலோ விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வேலையை நான் செய்கிறேன், சம்பளம் வேண்டாம். கூட ஒரு ஆள் கையெழுத்துப் போட வந்தால் போதும்.

காலி மாத்திரை அட்டை, பழைய பேனா, காலாவதியான கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கார்டை எண் தெரியாதபடி வெட்டிக் கொடுங்கள், இது வங்கிக்காரன் அறிவுரை. சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை கிளப் அறையில் இருப்பேன். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை அனுப்புங்கள்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது. செயலாளர் மன்னிக்கவும். பொங்கல் ஆறியிருந்தால் அதற்கும் மன்னிக்கவும்.