மாடு தின்ற புல்லும் நாம் உண்ணும் நெய்யும்
(ஆயர் தாவார் வட்டார மூத்த குடிமக்களுக்கான சுகாதார உரை)



ஆயர் தாவாரைச் சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள் இருந்த காலத்தில் உங்களில் சிலர் மாடு வளர்த்திருப்பீர்கள். பலர் பக்கத்து லயத்தில் வளர்த்ததைப் பார்த்திருப்பீர்கள். காலையில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் அரிவாளும் சாக்குமாகப் புல் அறுக்கப் போவார்கள். நம் முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் பிறந்த அந்தப் பசுக்களைக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று அழைக்கிறார்கள்.

அந்தப் பாலில் கடைந்த வெண்ணெய் மஞ்சளாக இருந்தது, இப்போது அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் அதைத் தொடர்ந்து, "புல் தின்ற மாட்டு நெய் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்றும் சிலர் சொல்கிறார்கள். இது உண்மை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பச்சைப் புல்லில் பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் சத்து நிறைய இருக்கிறது. பசு அதில் ஒரு பகுதியைப் பாலின் கொழுப்பில் சேர்க்கிறது. நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. புல் காய்ந்து வைக்கோலானால் அந்தச் சத்தில் பெரும்பகுதி போய்விடும். தவிடு, பிண்ணாக்கு, செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு ஆகியவற்றிலும் அது குறைவு. ஆகவே கொட்டகையில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கும் மாட்டின் வெண்ணெய் வெளுத்திருக்கும்.

மேய்ச்சல் பசுவின் வெண்ணெயில் வைட்டமின் ஈ, ஒமேகா 3 கொழுப்பு ஆகியவையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். நியூசிலாந்து மாடுகள் பெரும்பாலும் புல்வெளியில் மேய்வதால்தான் அங்கிருந்து வரும் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கிறது.

ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால், புல் தின்றாலும் அதன் வெண்ணெய் வெள்ளையாகவே இருக்கும். சில தயாரிப்புகளில் நிறம் சேர்ப்பதும் உண்டு.

தீவனம் மாற்றாத ஒன்று

பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லில் உள்ள நல்ல கொழுப்பின் பெரும்பகுதியை அவை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. நம் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துவது இந்த நிறைவுற்ற கொழுப்புதான்.

100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம் கொழுப்பு. அதில் ஏறக்குறைய 50 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. மாடு பச்சைப் புல் தின்றால் இது சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். வெண்ணெயை உருக்கி நீரை நீக்கினால் கிடைப்பது நெய். ஆகவே நெய்யில் இந்த அளவு இன்னும் கூடுதல்.

நிறைவுற்ற கொழுப்பு நாம் உண்ணும் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு 1,800 கலோரி உண்பவருக்கு அது 20 கிராம். இரண்டு மேசைக்கரண்டி நெய்யிலேயே சுமார் 16 கிராம் வந்துவிடும். தேங்காய்ப்பால் கறி, பலகாரம், இறைச்சி எல்லாம் இனிமேல்தான் கணக்கில் சேர வேண்டும்.

"தாத்தா சாப்பிட்டாரே?"

தாத்தா நெய் சாப்பிட்டார், நல்ல திடத்தோடு வாழ்ந்தார் என்பீர்கள். அவர் விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தார். வீட்டு மாட்டுப் பாலில் பெரும்பகுதியை விற்றார்கள். மிச்சத்தில் கடைந்த நெய் குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் போக, அவர் இலைக்கு எவ்வளவு வந்திருக்கும்? இன்று நம் வீட்டில் டின் டின்னாக நெய் இருக்கிறது. நடைதான் குறைந்துவிட்டது.

2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்டிரால் கூடுதல். அது வலிக்காது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. நெய்யை டின்னிலிருந்து ஊற்றாதீர்கள். தேக்கரண்டியால் அளந்து போடுங்கள். ஒரு தேக்கரண்டியில் சுமார் 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. சூடான சோற்றில் மணத்துக்கு அது போதும்.

2. தேங்காய்ப்பால் கறி வைக்கும் நாளில் நெய்யைத் தவிர்த்துவிடுங்கள்.

3. வைட்டமின் ஏ வேண்டுமென்று நெய்யைக் கூட்டாதீர்கள். முருங்கைக்கீரை, பூசணி, பப்பாளி ஆகியவற்றில் கரோட்டின் தாராளமாக உண்டு. ஒமேகா 3 வேண்டுமென்றால் மத்தி, கெம்போங் மீன் சாப்பிடுங்கள். பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது நல்லது.

4. 'புல் தின்ற மாட்டு நெய்' என்று அதிக விலை சொன்னால், சுவைக்காக வாங்கலாம். மருந்தாக எண்ணி வாங்காதீர்கள்.

5. கொலஸ்டிரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த நெய்யும் அதற்கு மாற்று அல்ல.

6. உடல் மெலிந்து, பசி குறைந்தவர்கள் தாங்களாகக் கொழுப்பைக் குறைக்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் அல்லது உணவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்கிற்கு வரும்போது, வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை டின் நெய் தீர்கிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவை அதோடு சேர்த்து வைத்துப் பேசுவோம். நெய்யை விட்டுவிடச் சொல்லவில்லை. அளந்து உண்ணுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.