ஈரச் சாக்கு

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரைப் பிறப்பு, மாங்காய்ப் பச்சடி. தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944-இல் அதே தேதியில், பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதியும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில்! யார் யோசனையோ. அணைக்கப் போனவர்களில் 66 வீரர்கள் வெடிப்பில் மாண்டார்கள்.

அவர்கள் நினைவாகத்தான் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். பேரணி, துண்டுப் பிரசுரம் எல்லாம் இருக்கட்டும். நின்று பார்க்க வேண்டியது செயல்விளக்கம். கேஸ் சிலிண்டர் வாயில் தீ வைப்பார்கள், குபுகுபுவென்று எரியும். வீரர் பதறாமல், நனைத்த சாக்கை இரு கையாலும் விரித்து, தன்னை மறைத்தபடி கிட்டப் போய்ப் போர்த்துவார். காற்று கிடைக்காமல் தீ பொசுக்கென்று அடங்கும். உடனே வால்வை மூடுவார். கூட்டத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டுச் செய்யச் சொல்வதும் உண்டு, போய்ச் செய்யுங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் மட்டும் தண்ணீர் கூடவே கூடாது. அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள்.

அலுவலகச் சுவரில் சிவப்பாகத் தொங்குகிறதே தீயணைப்பான், அதன் ஊசியை உருவி, கொழுந்தை அல்ல, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். பலர் அதைத் தொட்டதே இல்லை. பள்ளியோ ஆலையோ குடியிருப்போ, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்; வந்து செய்து காட்டுவார்கள். அவசரத்துக்கு 101, அல்லது 112.