மாதவிலக்கின் கிரமம்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும், சேற்றைக் கைகளால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கடித்துப் பிடித்த ஓலைப்பறிக்குள் இட்டுச் சேர்க்கும் இருளர் குலப் பெண்களைக் கண்டவர்கள், மாதவிலக்கு இன்ன நாளில் வருமென்று அறிய இயலாமை அவர்களுக்கு எத்துணைப் பெரிய சங்கடம் என்பதைச் சொல்லாமலே உணர்வார்கள்.

மாதவிலக்கு 21 நாட்களுக்கும் 35 நாட்களுக்கும் இடையே ஒருமுறை வருவது இயல்பு. ருதுவான முதல் ஓரிரு ஆண்டுகளிலும், விலக்கு நிற்கும் பருவத்தை ஒட்டியும் கிரமம் தவறுவது சகஜமே. ஆனால் மாதக்கணக்கில் வராமலிருந்து, வந்தபின் நில்லாமல் போவதை விதியென்று பொறுத்துக்கொள்ளலாகாது. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கருமுட்டை காலத்தில் வெளிப்படாமையால், கருப்பையின் உட்படலம் உதிராமலே வளர்ந்து, பின்னர் பெரும்போக்காக வெளிப்படுவதுண்டு. அதற்கு வைத்தியர் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரு ஹார்மோன்கள் கலந்த மாத்திரையைத் தந்தால், "கல்யாணமாகாத பெண்ணுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா?" என்று தாய்மார் பதறுகிறார்கள். பதற வேண்டாம், அம்மா! அமெரிக்காவில் இனோவிட் என்ற மாத்திரை 1957-இல் அனுமதி பெற்றது மாதவிலக்குக் கோளாறுகளுக்காகவே. கர்ப்பத்தடைக்கான அனுமதி 1960-இல்தான் கிடைத்தது.

இவ்வகை மாத்திரையாக அரசாங்கம் இலவசமாக வழங்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச் சத்து மாத்திரைகளும் உண்டு. ஹார்மோன் நின்ற அந்த ஏழு நாட்களில் வரும் போக்கு மருந்து வரவழைப்பதே. சினைப்பை சீரடைந்துவிட்டதென்று அதற்குப் பொருளன்று. நிறுத்தினால் பழைய தவறுதல் திரும்பவும் கூடும். ஆகையால் கர்ப்பமா, தைராய்டா, சோகையா என்று முதலில் பரிசோதித்தறிவது அவசியம்.

அண்டை வீட்டாரின் அட்டையைக் கடன் வாங்கி விழுங்குவதை மட்டும் நான் மன்றாடித் தடுப்பேன். இரத்தக் கொதிப்பு உள்ளவர், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர், இரத்தக் குழாயில் இரத்த உறைவு கண்டவர், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குப் பாலூட்டுபவர் ஆகியோருக்கு இம்மாத்திரை ஆகாது. குழந்தை வேண்டுவோருக்கும் வேறு சிகிச்சை உண்டு. விலக்கு வந்த தேதியையும் நின்ற தேதியையும் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்து, அத்தாளையே பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.